முப்பத்தொன்பது சாட்சிகளும் ஓர் இமை முடியும்

பள்ளிக்கூட வாசலில் நாங்கள் இறங்கியபோது மணி இரண்டே முக்கால். நாலு மணிக்கு அந்தப் பெண்ணின் டி.சி.யில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுவிடுவார். பொதுத்தேர்வுக்கு இருபத்தெட்டு நாள்தான் பாக்கி. இந்த நேரத்தில் வெளியே தள்ளினால் வேறு எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது. ஒரு வருஷம் போச்சு. கூடவே 'திருடி' என்ற பட்டம் இலவசம்.

எங்களை இழுத்து வந்தவர் அவளுடைய தாய்மாமன். பள்ளிக்கு எதிர்த் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"என் அக்கா பொண்ணு சார். சாயங்காலமானா என் கடையிலதான் இருப்பா. ஒரு லென்ஸைக் கையில எடுத்தா, துடைச்சு வெளிச்சத்துல புடிச்சுப் பாக்காம கீழ வைக்க மாட்டா. அது ஒரு குத்தமா?"

"மாமா கண்ணாடிக் கடை, காணாம போனது லென்ஸு. இந்தக் கேஸை யாரும் ஜோடிக்கவே வேண்டாம், தானா ஜோடிச்சுக்கும்" என்றேன்.

பாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். துப்பறியும் நிபுணர் என்று மாடியில் போர்டு மாட்டியிருப்பவர் அவர். நான் உதவியாளன். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசிவிடுவதால் எங்கள் அலுவலகத்தில் இதுவரை சண்டை வந்ததில்லை.

"இந்த ஸ்கூல் பிள்ளைங்க உங்க கடைக்கு வருவாங்களா?" என்று பாஸ் கேட்டார்.

"வருவாங்களாவா? வருஷா வருஷம் ப்ராக்டிகல் பரீட்சை சமயத்துல வரிசை கட்டி நிப்பாங்க. கண்ணு மங்கலா இருக்குன்னு. டெஸ்ட் பண்ணிப் பாத்தா ஒருத்தனுக்கும் ஒண்ணும் இருக்காது. பரீட்சை பயம்னு நெனச்சு, முகத்தைக் கழுவிட்டுப் போங்கடான்னு அனுப்பிடுவேன்."

"எத்தனை வருஷமா?"

"கடை தொறந்து ஒம்பது வருஷம். ஒம்பது வருஷமும்தான்."

"ம்" என்றார் பாஸ். அவர் 'ம்' போட்டால் பாதிக் கேஸ் முடிந்த மாதிரி. மீதிப் பாதியை எனக்குச் சொல்ல மாட்டார்.

தலைமையாசிரியர் அறையில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மனிதர் அல்ல, பிளாஸ்டிக். சுழல் நாற்காலியில் கடையில் போட்டுக் கொடுத்த உறை அப்படியே இருந்தது. டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை. கால்குலேட்டருக்கு ஓர் உறை. மூலையில் உலக உருண்டை பாலிதீன் பைக்குள் இருந்தது, கழுத்தில் ரப்பர் பேண்டு வேறு. சுவரில் தலைமையாசிரியர்களின் பேர்ப் பலகைக்கும் ஓர் உறை. அவர் அசைந்து உட்கார்ந்தபோது நாற்காலி சரசரத்தது.

"துப்பறிய இதுல ஒண்ணுமில்ல சார்" என்று ஆரம்பித்தார். "காலையில உயிரியல் ப்ராக்டிகல். வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்புல பாத்து வரையணும். ஸ்கூலுக்கே ஒரே மைக்ராஸ்கோப். நாப்பது பேர், வரிசை நம்பர்படி ஆளுக்கு ரெண்டு நிமிஷம். முப்பத்தொம்பது பேர் பாத்து, அழகா வரைஞ்சு, பத்துக்குப் பத்து வாங்கியாச்சு. நாப்பதாவது இவ. போய் நின்னதும், 'மிஸ், இதுல கீழ் லென்ஸ் இல்ல'ங்கறா. பாத்தா நெசமாவே இல்ல. அப்ப எடுத்தது யாரு?"

"காணோம்னு சொன்னவளேவா எடுத்திருப்பா?" என்றார் பாஸ்.

"முப்பத்தொம்பது சாட்சி சார்! அவங்க பாக்கறப்ப இருந்த லென்ஸு இவ பாக்கறப்ப இல்லன்னா என்ன அர்த்தம்? பையில, ஷூவுல எல்லாம் தேடியாச்சு. இந்த மாமா ஜன்னலோரமா நின்னாராம். கைமாத்திட்டாங்க."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜாமெட்ரி பாக்ஸை மறந்துட்டுப் போயிட்டாளேன்னு குடுக்க வந்தேன்! அந்த லென்ஸுல இருக்கற கண்ணாடி ஒரு மிளகு அளவு சார். அதை வச்சு நான் யாருக்குக் கண்ணாடி செய்யறது, கொசுவுக்கா?"

எனக்குப் போட்டியாக ஆள் வந்துவிட்டதே என்று கொஞ்சம் கலங்கினேன்.

தலைமையாசிரியர் ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். "இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? அவ விடைத்தாளு."

தாளில் ஒரு பெரிய வட்டம். அதற்குள் வளைந்த மூன்று கோடுகள். அம்புக்குறி போட்டு 'என் இமை முடி' என்று எழுதியிருந்தாள். அடியில் ஒரு வரி: 'வேறொன்றும் தெரியவில்லை.' பக்கத்தில் சிவப்பு மையில் பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இன்னும் பெரிதாக, 'திமிர்'.

நான் அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவன். வீட்டில் ஃப்யூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவனும் நானேதான். இந்தத் தாளைப் பார்த்ததும், அந்தத் தொண்ணூற்றாறில் ஒரு மார்க்காவது நான் கண்ணால் பார்த்ததற்காக வாங்கினேனா என்று யோசித்தேன். விடை கிடைத்ததும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

"லேபைப் பாக்கணும்" என்றார் பாஸ்.

லேப் என்ற பெயரில் இருந்தது ஒரு நீள அறை. அலமாரிகளுக்கெல்லாம் பூட்டு. கைகழுவும் தொட்டிக்குள் பழைய விடைத்தாள் கட்டுகள். குழாயைத் திருகிப் பார்த்தேன், அது வெறும் அலங்காரம். சுவரில் மட்டும் ஆளுயர எழுத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள்: 'அறிவியலின் முதல் படி உற்றுநோக்கல்.' அந்த முதல் படியிலேயே வழுக்கி விழுந்து கிடக்கிறது பள்ளிக்கூடம்.

உயிரியல் மிஸ் மேஜையில் விடைத்தாள்களோடு உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு, இருபத்தேழு இருக்கும். சுவரோரம் அந்தப் பெண் நின்றிருந்தாள். மதியத்திலிருந்து நிற்கவைத்திருக்கிறார்கள். அழுது முடித்த முகம். மாமாவைப் பார்த்ததும் மறுபடி ஆரம்பிக்கப் பார்த்தாள்.

"அழாத தாயி, நான் வந்துட்டேன்ல" என்றார் மாமா.

பாஸ் அவளிடம் போனார். "என்னம்மா பாத்தே?"

"வெள்ளையா வெளிச்சம் சார். நடுவுல கோடு கோடா இருந்துச்சு. நான் கண்ணை மூடித் தொறந்தா கோடும் அசைஞ்சுச்சு. அப்பத்தான் அது என் இமைன்னு புரிஞ்சுச்சு. குனிஞ்சு கீழ பாத்தேன். ஓட்டைதான் இருந்துச்சு, லென்ஸ் இல்ல."

"மத்தவங்க எல்லாம் செல் வரைஞ்சிருக்காங்களே?"

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம் சார். எனக்குத் தெரியல."

பாஸ் மைக்ராஸ்கோப்பைத் தூக்கி, கீழ் லென்ஸ் மாட்டும் ஓட்டைக்குள் ஒரு தீக்குச்சியை விட்டுச் சுழற்றினார். குச்சி பஞ்சு மிட்டாய் மாதிரி தூசியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது.

"காலையிலிருந்து இவ்வளவு தூசியா?"

"ரோட்டோர ஸ்கூல் சார்" என்றார் தலைமையாசிரியர், கண் இமைக்காமல்.

பாஸ் எனக்குக் கண் காட்டினார். முப்பத்தொன்பது விடைத்தாள்களையும் நீள மேஜையில் பரப்பினேன். பரப்பப் பரப்ப எனக்கு ஒரே தாளைத் திரும்பத் திரும்ப வைக்கிற மாதிரி இருந்தது. எல்லாவற்றிலும் பதினாலு செல். எல்லாவற்றிலும் இரண்டாவது வரிசை, மூன்றாவது செல்லில் மட்டும் உட்கரு இல்லை. மற்ற பதிமூன்றிலும் நடுவில் அந்தக் கரும்புள்ளி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"இது முப்பத்தொம்பது வெங்காயமா, ஒரே வெங்காயமா?" என்று கேட்டேன்.

"ஒரே வெங்காயம்தான் சார்" என்றார் மிஸ், மிகவும் சீரியஸாக.

பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் படம் இருந்தது. பதினாலு செல். இரண்டாவது வரிசை, மூன்றாவது செல்லின் உட்கரு அச்சில் விட்டுப்போயிருந்தது. அச்சகத்துக்காரர் என்றைக்கோ மை கொஞ்சம் குறைவாகப் போட்டதை ஒரு தலைமுறையே பக்தியோடு காப்பாற்றி வந்திருக்கிறது.

"அதுதான் சார் சரியான படம்" என்றார் மிஸ். "பதிமூணு செல் வரைஞ்சா அரை மார்க் குறைப்போம். விடைக்குறிப்புல அப்படித்தான் இருக்கு. நானும் இந்த ஸ்கூல்லதான் படிச்சேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி புது மைக்ராஸ்கோப் வந்தப்ப நாங்கதான் முதல் பேட்ச். நான் பத்துக்குப் பத்து."

பாஸ் இன்னொரு 'ம்' போட்டார்.

தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "படம் ஒரே மாதிரி இருந்தா? நல்லாப் படிச்சிருக்காங்கன்னு அர்த்தம். பாத்தாங்க, படிச்சபடி வரைஞ்சாங்க. பாக்கவே இல்லன்னு எப்படிச் சொல்வீங்க? இன்னும் முப்பது நிமிஷம்தான் சார்."

"முப்பத்தொம்பது சாட்சியில ஒரே ஒரு சாட்சியைக் கூப்பிடுங்க. வகுப்புல முதல் மாணவன் யாரு?"

"சென்டம்னு கூப்பிடுவோம் சார், எல்லாத்துலயும் நூறுக்கு நூறு வாங்கறவன்" என்று மிஸ் வெளியே ஆள் அனுப்பினார்.

அவன் வருவதற்குள் பாஸ் என் பக்கம் கையை நீட்டினார். என்ன ஏது என்று கேட்பதற்குள் என் சட்டையின் மேல் பட்டன் அவர் கையில் இருந்தது, நூலோடு. "புதுச் சட்டை பாஸ்!" என்றேன். அவர் வெங்காயத் தோல் இருந்த ஸ்லைடை எடுத்துவிட்டு, வேறொரு வெற்று ஸ்லைடில் பட்டனை வைத்து, மைக்ராஸ்கோப் மேடையில் பொருத்தினார். லென்ஸ் இல்லாத மைக்ராஸ்கோப்பு, அதன் அடியில் என் பட்டன்.

சென்டம் வந்தான். தலை படிய வாரியிருந்தான், பையில் மூன்று பேனா.

"காலையில பாத்தியே தம்பி, அதையே இன்னொரு தடவை பாத்து வரைஞ்சு காட்டு" என்றார் பாஸ்.

அவன் மைக்ராஸ்கோப்பில் குனிந்தான். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். மனசுக்குள் எண்ணி முடித்ததும் நிமிர்ந்து, தாளை இழுத்து, வட்டம் போட்டு வரைய ஆரம்பித்தான். பென்சில் ஓர் இடத்திலும் தயங்கவில்லை. நாலே நிமிஷம்.

"நல்லாத் தெரியுதா?"

"சூப்பராத் தெரியுது சார்."

"உட்கரு?"

"தெளிவா இருக்கு சார். ரெண்டாவது வரிசை மூணாவதுல மட்டும் இல்ல."

பாஸ் ஸ்லைடை எடுத்து அவன் படத்தின் மேல் வைத்தார். என் சட்டைப் பட்டனுக்குள் பதினாலு செல் இருக்கிற விஷயம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பையன் பட்டனைப் பார்த்தான். மைக்ராஸ்கோப்பின் ஓட்டையைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவேண்டியது, வரவில்லை.

"தெரியலன்னு சொன்னா மார்க் போயிடும் சார்" என்றான். குரல் உடைந்துவிட்டது. "மாடல் எக்ஸாம்லயே எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாரும் வரைஞ்சாங்க. என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சு இந்த மாமா கடைக்குப் போனேன். கண்ணு நல்லா இருக்குன்னுட்டாரு. அப்ப எனக்குப் பாக்கத் தெரியலன்னு நெனச்சு, யார்கிட்டயும் சொல்லல."

"ஆமா, வந்தான்" என்றார் மாமா மெதுவாக. "போன மாசம். முகத்தைக் கழுவிட்டுப் போன்னு அனுப்பினேன்."

"உங்க கடைக்கு ஒம்பது வருஷமா வந்தவங்க எல்லாம் இப்படித்தான்" என்றார் பாஸ். "இந்த மைக்ராஸ்கோப்புல லென்ஸ் காணாம போனது இன்னிக்கு இல்ல. இல்லன்னு ஒருத்தி வாயைத் திறந்து சொன்னதுதான் இன்னிக்கு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்பது வருஷம், வருஷத்துக்கு நாற்பது பேர். அத்தனை பிள்ளைகளும் தங்கள் கண்ணையே சந்தேகப்பட்டிருக்கிறார்கள். புத்தகத்தைச் சந்தேகப்படவில்லை, பள்ளிக்கூடத்தைச் சந்தேகப்படவில்லை. அதற்குப் பத்துக்குப் பத்து. தன் கண்ணை நம்பிய ஒருத்திக்குப் பூஜ்யமும் டி.சி.யும். இதற்குப் பேர் பரீட்சையாம், இதை நடத்துகிறவர்களுக்கு மாசம் பிறந்தால் சம்பளமாம்.

தலைமையாசிரியர் சளைத்த ஆளில்லை. சட்டென்று மிஸ் பக்கம் திரும்பினார்.

"அப்ப இது உங்க வேலையா? மூணு வருஷமா லேப் பொறுப்பு உங்களுது. பொருள் பதிவேட்டுல வருஷா வருஷம் 'லென்ஸ் நல்ல நிலையில் உள்ளது'ன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

மிஸ்ஸுக்கு முகம் வெளிறிப்போய்விட்டது. "எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினதைப் பாத்து எழுதினேன் சார். அவரும் அப்படித்தான் எழுதியிருந்தார்."

பிள்ளைகள் படத்தைக் காப்பியடித்தார்கள், மிஸ் பதிவேட்டைக் காப்பியடித்தார். குடும்பம் ஒற்றுமையாகத்தான் இருக்கிறது.

"தொலைச்சவங்க பதில் சொல்லித்தான் ஆகணும். நாளைக்கே மெமோ குடுக்கறேன்" என்றார் தலைமையாசிரியர். ஒரு தலை தப்பினால் இன்னொரு தலை வேண்டும் அவருக்கு.

பாஸ் அவசரப்படவில்லை. "சார், உங்க ரிமோட்டுக்கு எதுக்கு உறை?"

"தூசி படியக் கூடாதுன்னு. ஏன்?"

"நாற்காலிக்கு?"

"கிழிஞ்சிடக் கூடாதுன்னு."

"உலக உருண்டைக்கு?"

"பிள்ளைங்க கை பட்டா உருப்படுமா? அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"பிள்ளைங்க கை பட்டா உருப்படாத பொருள் மைக்ராஸ்கோப்புல எது?"

அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலேயே, இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டது.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அது புதுசா வந்தப்பவும் நீங்கதான் ஹெச்.எம். உங்க ரூம்ல பேர்ப் பலகையில வருஷத்தோட இருக்கு. பெட்டியைப் பிரிச்சதும் நீங்கதானே? பீரோவைத் திறக்கலாமா?"

தலைமையாசிரியர் அறையில், பச்சை பீரோவின் இரண்டாவது தட்டில், பாலிதீன் பைக்குள் இன்னொரு பாலிதீன் பை, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் குட்டி டப்பா, டப்பாவுக்குள் லென்ஸ். கூடவே ஒரு சீட்டு: 'விலை உயர்ந்தது. மாணவர் கையில் கொடுக்கக் கூடாது. பத்திரம்.' அடியில் பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி போட்டு அவருடைய கையெழுத்து, முத்து முத்தாக.

"மறந்தே போச்சு சார்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பத்திரமா இருக்கட்டுமேன்னுதான் வச்சேன்."

"பத்திரமாத்தான் இருக்கு" என்றார் பாஸ். "டி.சி. எங்கே?"

அவர் எடுத்துக் கொடுத்ததை நான் வாங்கி எட்டாகக் கிழித்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது. என் பட்டனைக் கணக்கில் சேர்க்காமல்.

லேபுக்குத் திரும்பியபோது, மிஸ் அந்தப் பெண்ணின் விடைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு எவ்வளவு மார்க் மிஸ்?" என்று பாஸ் கேட்டார்.

மிஸ் சிவப்புப் பேனாவை எடுத்தார். முதலில் 'திமிர்' என்பதை அடித்தார். பிறகு பூஜ்யத்தை. "நாப்பது பேர்ல பாத்ததை வரைஞ்சது இவ ஒருத்திதான்" என்று சொல்லிப் பத்து போட்டார். மற்ற முப்பத்தொன்பதையும் பார்த்தார். அதற்கு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பாஸ் லென்ஸை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் அதைக் கைக்குட்டையால் துடைத்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், அப்புறம்தான் மாட்டினாள். வெங்காயத் தோல் ஸ்லைடை வைத்துக் குனிந்தாள். கொஞ்ச நேரம் திருகினாள். "ஹா" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. நிமிர்ந்து சென்டத்துக்கு இடம் விட்டாள். அவன் பார்த்தான். நிமிரவே இல்லை. நான் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது, பின்னால் நானும் நிற்கிறேனே!

நானும் பார்த்தேன். அதைப் பற்றி ஜோக் எதுவும் கைவசம் இல்லை.

கடைசியாக மிஸ் வந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு கையைக் கட்டிக்கொண்டு குனிந்தார். இரண்டு நிமிஷம் ஆயிற்று. மூன்று ஆயிற்று. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன மிஸ்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எண்ணிட்டிருக்கேன்மா. பதினாலுல நிக்க மாட்டேங்குது. போயிட்டே இருக்கு."

வாசலில் சரசரவென்று சத்தம் கேட்டது. தலைமையாசிரியர். கையில் அந்தப் பாலிதீன் பையை விரித்துப் பிடித்திருந்தார்.

"எல்லாரும் பாத்தாச்சுன்னா குடுங்க. உள்ள வச்சுப் பூட்டிடறேன்."

மிஸ் தலையைத் தூக்கவில்லை.

"நான் இன்னும் பாக்கல சார்" என்றார்.